15 பங்கும் 1 கோடியும்

நேற்று பிற்பகல், சில மாதங்களாக நான் கவனித்துவரும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு விலை 40.60-இலிருந்து 38.90-க்கு இறங்கியது. கைமாறியது மொத்தமே 15 பங்கு. யாரோ ஒருவர் 38.90-க்கு நின்றிருந்த ஆர்டரில் தன் 15 பங்கைத் தள்ளிவிட்டு, 583 சொச்சத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 60 லட்சம். பங்குக்கு 1.70 வீதம் கணக்குப் போட்டு, சந்தை மதிப்பு 1 கோடியே 2 லட்சம் குறைந்துவிட்டதாகத் திரை காட்டியது.

அப்போது ஆர்டர் பட்டியல் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குபவர் பக்கம் 38.10-க்கு 40 பங்கு, 37.50-க்கு 115, 36-க்கு 300. அதற்குக் கீழே வெறுமை. விற்பவர் பக்கம் 40.85-க்கு 25 பங்கு, 42-க்கு 1,000. அதாவது அந்த நிமிடத்தில் ஒருவர் 40.85-க்கு வாங்கி, மனம் மாறி உடனே விற்றால் 38.10 கிடைக்கும். நிறுவனத்தில் எதுவும் நடக்கவில்லை, காலம் ஒரு நிமிடம்கூட நகரவில்லை. ஆனால் போட்ட பணத்தில் 100-க்கு ஏறக்குறைய 7 காணாமல் போயிருக்கும்.

இது எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. எண்களையும் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன். பணம் எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கணக்கு மாறாது. ஓராண்டுக்கு முன் 92-இல் இருந்த பங்கு இன்று 38.90. புத்தக மதிப்பு, அதாவது கணக்கில் உள்ள சொத்திலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழித்தது, பங்குக்கு 95. போன ஆண்டு லாபம் பங்குக்கு 6. விலையை லாபத்தால் வகுத்தால் ஆறரை வருகிறது. பங்குகளைச் சல்லடை போடும் எந்த மென்பொருளில் போட்டாலும் இது மேலே மிதந்து வரும். எனக்கும் அப்படித்தான் கண்ணில் பட்டது. மலிவா, இல்லை மலிவாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 60 லட்சத்தில் உண்மையில் சந்தையில் உலவுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். நிறுவனர் குடும்பத்திடம் 72 சதவீதம் இருக்கிறது. ஒரு முதலீட்டு நிதியிடம் 9 சதவீதம் இருந்தது. இன்னொரு 7 சதவீதம் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர்கள், பல ஆண்டுகளாகப் பங்கை வாங்கி வைத்துவிட்டு மறந்தே போனவர்கள் என்று ஓர் அசையாத கூட்டம். ஆக 12 சதவீதம், 7 லட்சத்து 20,000 பங்குதான் கைமாறக்கூடியது. அதிலும் இன்றைக்கு விற்க மனமுள்ளவர் எத்தனை பேர், வாங்க மனமுள்ளவர் எத்தனை பேர்? நேற்றைய கணக்குப்படி ஒருவர், இன்னொருவர்.

ஃப்ளோட் சுருங்கினால் விலை என்ன ஆட்டம் ஆடும் என்பதற்குப் பெரிய நிறுவனமும் விலக்கில்லை. 2008 அக்டோபர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபோக்ஸ்வாகன் பங்குகளில் தன்னிடம் 42.6 சதவீதம் நேரடியாகவும், இன்னும் 31.5 சதவீதம் ஆப்ஷன்கள் எனப்படும் விலை சார்ந்த ஒப்பந்தங்கள் வழியாகவும் இருக்கிறது என்று போர்ஷே அறிவித்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது, அது விற்கப்போவதில்லை. மிச்சம் 6 சதவீதத்துக்கும் குறைவு. விலை இறங்கும் என்று நம்பி, பங்கைக் கடன் வாங்கி விற்றிருந்தவர்கள் திருப்பித் தர வேண்டியதோ அதைப்போல இரு மடங்கு. வெள்ளிக்கிழமை 210 யூரோ அளவில் முடிந்த பங்கு செவ்வாய்க்கிழமை 1,000 யூரோவைத் தாண்டியது. சிறிது நேரம் உலகிலேயே மதிப்புமிக்க நிறுவனமாக ஃபோக்ஸ்வாகன் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த கார் என்னவோ போன வாரம் வந்த அதே கார்தான்.

அந்த 1,000 யூரோவைப் பார்த்து, 'ஃபோக்ஸ்வாகனின் மதிப்பு கூடிவிட்டது' என்று யாரும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் கொடுத்த விலை அது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதுவே இறங்குமுகமாக நடந்தால் நாம் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 'விவரம் தெரிந்தவன் வெளியேறுகிறான்' என்கிறோம், அல்லது 'சந்தைக்குப் புத்தி இல்லை, இது தள்ளுபடி விற்பனை' என்கிறோம். இரண்டுக்கும் ஆதாரமாக நாம் வைத்திருப்பது அதே இறங்கிய விலையைத்தான்.

நான் அந்தத் தப்பைச் செய்தவன். அது வேறு நிறுவனம், சில ஆண்டுகளுக்கு முன். 62-இல் 1,000 பங்கு வாங்கினேன். இறங்கியது. 50-இல் இன்னொரு 1,000. பிறகு 41-இல், பிறகு 31-இல். சராசரி 46-க்கு வந்துவிட்டது என்று ஒரு திருப்தி. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு முறை நான் வாங்கும்போதும் விலை நாலைந்து சதவீதம் ஏறும். பார்த்தாயா, மற்றவர்களும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு குரல். அந்த மற்றவர்கள் நானேதான். ஒல்லியான ஆர்டர் பட்டியலில் என் 1,000 பங்கு ஏறிப்போன படிக்கட்டை நானே சந்தையின் ஒப்புதல் என்று படித்துக்கொண்டேன். நான் வாங்குவதை நிறுத்தியதும் பங்கு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்து, அதற்கும் கீழே போகும்.

அப்புறம் ஒரு நாள் தணிக்கையாளர் ஆண்டின் நடுவில் விலகிவிட்டார் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை வாங்குபவர் பக்கம் வெறும் பூச்சியங்கள். 4,000 பங்கை விற்று முடிக்க 23 வேலை நாள் ஆனது. சராசரியாகக் கிடைத்தது 16. அடுத்த ஆண்டறிக்கையில் பங்குதாரர் பட்டியலை நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் சராசரி செய்துகொண்டிருந்த அதே மாதங்களில் நிர்வாகத்துக்கு நெருக்கமான ஒரு தரப்பு தன் பங்கைப் பாதியாகக் குறைத்திருந்தது. எனக்கு விற்றுக்கொண்டிருந்தவர்களில் அவர்களும் இருந்திருக்கலாம். நான் ஒருநாளும் கேட்காத கேள்வி அது: யார் விற்கிறார்கள்?

எனவே இந்த முறை விலை வரைபடத்தை மூடி வைத்துவிட்டு அதிலிருந்து ஆரம்பித்தேன்.

விற்பவர்களில் இரண்டு ரகம். பணம் வேண்டும் என்பதற்காக விற்பவர், விஷயம் தெரிந்து விற்பவர். முதல் ரகத்தில் வாரிசுச் சொத்தைப் பிரிப்பவர் இருப்பார், வரிக் கணக்குக்காக நட்டத்தைப் பதிவு செய்பவர் இருப்பார், சந்தைக் குறியீட்டிலிருந்து பங்கு நீக்கப்பட்டதால் விலை எதுவானாலும் விற்றே ஆக வேண்டிய, அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் நிதி இருக்கும். இவர்களுக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. பெரிய நிறுவனத்தில் இவர்கள் விற்பது கடலில் கரைத்த பெருங்காயம். குறுகிய ஃப்ளோட்டில் இவர்களில் ஒருவர் போதும், ஓராண்டு வரைபடத்தையே சரித்துவிட.

காலாண்டுக்கு ஒரு முறை வெளிவரும் பங்குதாரர் விவரத்தில் அந்த முதலீட்டு நிதியின் பங்கு 9-இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. 60 லட்சத்தில் 3.5 சதவீதம் என்றால் 2 லட்சத்து 10,000 பங்கு. ஏறக்குறைய 10 மாதம், 210 வேலை நாள். நாளொன்றுக்குச் சராசரி 1,000 பங்கு. அதே காலத்தில் இந்தப் பங்கின் தினசரி வியாபாரம் சராசரியாக 1,400 மட்டுமே. சில நாள் 15, சில நாள் 9,000, சராசரி அவ்வளவு. ஏழு பங்கு கைமாறினால் அதில் ஐந்து அந்த ஒரே விற்பனையாளருடையது. பட்டியலில் 42-க்கு நிற்கும் அந்த 1,000 யாருடையது என்று எனக்குச் சாட்சி எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் அது 47-இல் நின்றது, அதற்கு முந்தின மாதம் 51-இல்.

சரி, அந்த நிதி ஏன் விற்கிறது? இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. எனக்கு இது தாமதமாகத்தான் பிடிபட்டது. இந்த ஒன்றை மட்டும் விற்கிறார்களா, கையிலிருக்கும் சிறு நிறுவனங்கள் எல்லாவற்றையும் விற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நிதிகள் தங்கள் கையிருப்பை வெளியிடுகின்றன. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 14 சிறு நிறுவனங்களில் 11-ஐக் குறைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில். நிதியின் மொத்த அளவும் சுருங்கியிருக்கிறது. முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள், இவர்கள் இருப்பதை விற்றுக் கொடுக்கிறார்கள். இந்த நிறுவனத்தின் மீது தனியாக ஒரு கோபமும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, காரணம் நிறுவனத்துக்கு வெளியே இருக்கிறது. 95 மதிப்புள்ள பொருளை அவசரத்தில் 38.90-க்குக் கொடுக்கிறார்கள். பழைய நான் அன்றே 1,000 பங்கு வாங்கியிருப்பேன்.

ஆனால் சரிவுக்கு ஒரு அப்பாவிக் காரணம் இருப்பதால் 92 என்பது சரியான விலையாக இருந்தது என்று ஆகிவிடாது. அந்த 92-ஐயும் இதே ஒல்லியான பட்டியல்தான் உண்டாக்கியது. அதே நிதி சில ஆண்டுகளுக்கு முன் 9 சதவீதத்தை வாங்கிச் சேர்த்தபோது, நான் ஏற்றிய படிக்கட்டைப் போலப் பல மடங்கு ஏற்றியிருக்கும். ஏறினபோது விலை பொய் சொன்னது, இறங்கும்போதும் பொய் சொல்கிறது என்றால், 'பாதிக்கு மேல் இறங்கிவிட்டது' என்ற தகவலுக்கு என்ன எடை? என்னைப் பொறுத்தவரை எதுவும் இல்லை. சந்தையே மூடிக்கிடக்கிறது, கடைசி விலை என்னவென்று யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதுதான்.

அந்த 95-ஐத் திறந்து பார்ப்போம். கோடிக் கணக்கில்: ரொக்கம் 12.6, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 13, கிடங்குச் சரக்கு 9, நிலமும் கட்டடமும் 16, இயந்திரங்கள் 12, குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் 8. ஆக 70.6. கொடுக்க வேண்டியவை 13.6, அதில் வங்கிக் கடன் 9. மிச்சம் 57 கோடி. 60 லட்சத்தால் வகுத்தால் 95.

இயந்திரங்களின் புத்தக மதிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய ஏலம் நினைவுக்கு வரும். பெர்க்ஷயர் ஹாத்தவே என்ற அமெரிக்க நிறுவனம் இன்று வேறு எதற்கோ பெயர்பெற்றது. 1962-இல் முதலீட்டாளர் வாரன் பஃபெட் அதை வாங்கத் தொடங்கியபோது அது தேய்ந்துகொண்டிருந்த ஒரு நெசவு நிறுவனம். சொத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் மலிவு. 1964-இல் நிர்வாகம் 11.50 டாலருக்குப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, கடிதத்தில் 11.375 என்று எழுதியது. கோபத்தில் அவர் விற்காமல் மேலும் வாங்கி, 1965-இல் நிறுவனத்தையே கைப்பற்றினார். 20 ஆண்டு இழுத்துப்பிடித்து 1985-இல் நெசவாலையை மூடினார்கள். ஏறக்குறைய 1.3 கோடி டாலருக்கு வாங்கிய இயந்திரங்கள். மூடும்போது புத்தகத்தில் 8,66,000 டாலர். ஏலத்தில் வந்தது 1,63,122 டாலர். 1981-இல் தலா 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகள் 50 டாலருக்கும் விலைபோகவில்லை. கடைசியில் பழைய இரும்பாக 26 டாலருக்குப் போனது. கழற்றி எடுத்துப்போகும் கூலியே அதைவிட அதிகம். அவரே தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரித்திருக்கிறார். கோபத்தில் எடுத்த முடிவு என்பதையும் பின்னாளில் ஒளிக்கவில்லை.

ஆகவே என் கணக்கில் இயந்திரம் 12 கோடிக்கு 1.2 கோடி. தேய்மானம் போக மிஞ்சிய எண், கணக்கர் எழுதியது; ஏலத்துக்கு வருபவன் அதைப் படித்துவிட்டு வருவதில்லை. கிடங்குச் சரக்குக்குப் பாதி, 4.5. குடும்ப நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் நான்கு ஆண்டாக அசலும் குறையாமல், வட்டியும் தெரியாமல் நிற்கிறது, அதற்குப் பூச்சியம். நிலத்தை 12 என்று போட்டேன். பழைய நிலம், உண்மையில் 16-க்கு மேலும் போகலாம். ஆனால் அதை விற்பவர் நானில்லை, அந்த விஷயத்துக்கு இன்னொரு முறை வருகிறேன்.

வரவேண்டிய பாக்கிதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. மூன்று ஆண்டில் விற்பனை 48 கோடியிலிருந்து 39 கோடிக்கு இறங்கியிருக்கிறது. பாக்கியோ 8 கோடியிலிருந்து 13 கோடிக்கு ஏறியிருக்கிறது. நாள் கணக்கில் சொன்னால், முன்பு சரக்கு அனுப்பி 61 நாளில் பணம் வந்தது, இப்போது 122 நாள் ஆகிறது. விற்பனை குறைகிற கடையில் கடன் நோட்டு மட்டும் தடித்துக்கொண்டே போவது நல்ல அறிகுறி இல்லை. சரக்கை வாங்க ஆளில்லாமல் தவணையை நீட்டிக் கொடுக்கிறார்கள், அல்லது வாங்கினவர்களால் கட்ட முடியவில்லை, அல்லது விற்றதாக எழுதியதில் கொஞ்சம் விற்கவே இல்லை. எதுவானாலும் 13-க்கு 7.8-க்கு மேல் எனக்கு மனம் வரவில்லை.

லாபத்திலும் இதே கதைதான் எதிரொலிக்கிறது. மூன்று ஆண்டில் காட்டிய லாபம் 11 கோடி. அதே மூன்று ஆண்டில் தொழிலிலிருந்து கையில் வந்த பணம் 2.5 கோடி. மிச்சம் கடன் நோட்டிலும் கிடங்கிலும் தூங்குகிறது. ஆண்டுக்கு 83 லட்சம் வரும் நிறுவனத்துக்குச் சந்தை 23 கோடியே 34 லட்சம் விலை சொல்கிறது. 28 மடங்கு. சல்லடை மென்பொருள் காட்டிய ஆறரை இதுதான்.

இப்போது ரொக்கம். பங்குக்கு 21 வரும் அளவுக்கு ரொக்கம் இருக்கிறது என்பதுதான் இந்தப் பங்கைப் பிடித்தவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம். 38.90-க்கு வாங்கினால் 21 ரொக்கமாகவே திரும்பக் கிடைக்கிறது, தொழிலை 17.90-க்கு வாங்குகிறோம் என்கிறார்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ரொக்கத்தைச் சரிபார்க்க வெளியிலிருப்பவனுக்கு இருக்கும் எளிய அளவுகோல் வட்டி வருமானம். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் அது ஒரு வரியில் இருக்கும். இந்த நிறுவனத்தில் 18 லட்சம். 12.6 கோடிக்கு 18 லட்சம் என்றால் 1.4 சதவீதம். அதே அறிக்கையில், 9 கோடிக் கடனுக்கு 90 லட்சம் வட்டி கட்டியிருக்கிறார்கள். 10 சதவீதத்துக்குக் கடனை வைத்துக்கொண்டு, 1.4 சதவீதம் தரும் இடத்தில் அதைவிடப் பெரிய தொகையைப் போட்டு வைக்கும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. வைப்பு 5 சதவீதம் தந்ததாக வைத்துக்கொண்டால்கூட, 18 லட்சம் வர ஆண்டு முழுக்க 3.6 கோடி இருந்தால் போதும்.

இதற்கு விளக்கங்கள் இருக்கலாம். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆண்டின் கடைசி வாரத்தில் பணம் கட்டியிருக்கலாம். வட்டியில்லாக் கணக்கில் சோம்பேறித்தனமாகக் கிடக்கலாம். அந்த இன்னொரு குடும்ப நிறுவனத்தின் கடனுக்கு ஈடாக வங்கியில் முடங்கியிருக்கலாம். கணக்கு முடிக்கும் நாளுக்காக ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுநாள் திரும்பிப் போயிருக்கலாம். நான் பாதி என்று போட்டேன், 6.3.

கூட்டினால் 31.8 கோடி. கொடுக்க வேண்டிய 13.6 கழித்தால் 18.2. பங்குக்கு 30-க்குச் சற்று மேல். 95-இல் பாதிக்கும் கீழே கிடைக்கிறது என்று நினைத்த பொருளுக்கு 38.90 கொடுத்தால் எட்டரை அதிகம் கொடுத்ததாக ஆகிறது. ரொக்கம் முழுதும் உண்மை என்றால் 40.80 வரும், விலையோடு ஏறக்குறைய ஒட்டிவிடும். 3.6 கோடிதான் உண்மை என்றால் 26-க்கு வந்துவிடும். இதற்கு மேல் எத்தனை விகிதங்களைப் போட்டுப் பார்த்தாலும் பயனில்லை என்று அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். எல்லாம் வட்டி வருமானத்தைச் சொல்லும் அந்த ஒற்றை வரியில் வந்து நிற்கிறது.

நிலத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். குறுகிய ஃப்ளோட் பங்கில் சொத்து இருப்பது வேறு, அது சிறு பங்குதாரன் கைக்கு வருவது வேறு. 72 சதவீதம் ஒரு குடும்பத்திடம் இருக்கும்போது சாவி அவர்கள் இடுப்பில். பணம் எனக்கு வரச் சில வழிகள்தான்: ஈவுத்தொகை, பங்கைத் திரும்ப வாங்குதல், நிறுவனத்தையே யாரேனும் விலைக்குக் கேட்பது, அல்லது என்னைவிட நம்பிக்கையுள்ள இன்னொருவர். ஈவுத்தொகை மூன்று ஆண்டாக இல்லை. ஆனால் குடும்ப நிறுவனத்துக்கு 8 கோடி போயிருக்கிறது. 28 சதவீதக்காரர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டிய வழியை விட்டுவிட்டு, கொடுக்க வேண்டாத வழியில் பணம் நடந்திருக்கிறது. பங்கைத் திரும்ப வாங்கினால் ஏற்கெனவே ஒல்லியான ஃப்ளோட் இன்னும் இளைக்கும். விலை தரையில் கிடக்கும்போது குடும்பமே மிச்சப் பங்கையும் வாங்கி, பங்குச் சந்தையிலிருந்தே நிறுவனத்தை விலக்கிக்கொண்டால்? அதற்கு இடமுள்ள எந்தச் சந்தையிலும், மலிவு என்பது எனக்குத் திறக்கும் அதே கதவை அவர்களுக்கும் திறக்கிறது. நல்ல நிறுவனமாக இருந்தால் இந்தப் பயம் இன்னும் அதிகம்.

குடும்பம் தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. இது பெரிய ஆறுதல். அடமானம் இருந்து விலை இந்த அளவுக்குச் சரிந்திருந்தால், கடன் கொடுத்தவர் விற்கத் தொடங்குவார். அதைத் தாங்க அந்தப் பட்டியலில் 40, 115, 300 என்று மூன்று வரிதான் இருக்கிறது.

வாங்குவது என்று முடிவானாலும் எவ்வளவு என்பது வெளியே போகும் கணக்கைப் பொறுத்தது. இதில் சராசரியை நம்பி நான் முன்பு ஏமாந்திருக்கிறேன். தினசரி சராசரி 1,400 என்றாலும், எல்லா நாளையும் வரிசையாக அடுக்கி நடுவில் வருவதைப் பார்த்தால் 420. அந்த 9,000 பங்கு நாட்கள்தான் சராசரியைத் தூக்கிக் காட்டுகின்றன. விலையைக் கலைக்காமல் விற்க வேண்டுமென்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது என் வழக்கம், நாளுக்கு 84. என் மனதிலிருந்த 5,000 பங்கை விற்க 60 வேலை நாள், மூன்று மாதம். அந்த நிதி விற்று முடித்து வெளியேறிவிட்டால் வியாபாரத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று பட்டியலில் தெரியும் சலசலப்பே அவர்கள் உண்டாக்குவது. 5,000-ஐ அடித்து 1,200 என்று எழுதினேன். அதுவும் அந்த வட்டிக் கணக்கு சரியாக வந்தால், 30-க்குக் கீழே கிடைத்தால், விலையைக் குறிப்பிட்ட லிமிட் ஆர்டரில் மட்டும்.

அவசரப்பட ஏதாவது காரணம் உண்டா என்று பார்த்தால், இல்லை என்றுதான் கணக்குச் சொல்கிறது. அந்த நிதியிடம் இன்னும் 3 லட்சத்து 30,000 பங்கு இருக்கிறது. நாளுக்கு 1,000 என்ற அதே வேகத்தில் 330 வேலை நாள், ஓராண்டுக்கு மேல். யாராவது பெரிய ஆள் ஒரே மூச்சில் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டால் விலை ஒரே நாளில் தாவும், நான் தவறவிடுவேன். மற்றபடி அந்த ஓராண்டுக்குள் அரையாண்டுக் கணக்கு வரும், ஆண்டறிக்கை வரும்.

போன மாதம் நிறுவனத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று கேள்வி: ரொக்கம் எந்தெந்த வகைக் கணக்குகளில் இருக்கிறது, அதில் ஏதேனும் ஈடாக முடக்கப்பட்டிருக்கிறதா, 8 கோடிக் கடனுக்கு வட்டி விகிதம் என்ன. கடிதம் கிடைத்ததாக ஒரு வரி வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

இன்று மதியம் வரை 60 பங்கு கைமாறியிருக்கிறது. விலை 39.40. அந்த 1,000 பங்கு 41.50-க்கு இறங்கி நிற்கிறது.